இரண்டு கரி நெருப்புகள்

(பாஸ்கா காலம் மூன்றாம் ஞாயிறு – வானொலி மறையுரையின் எழுத்து வடிவம். நற்செய்தி: யோவான் 21:1-19)



இன்றைய நற்செய்தி நம்மைத் திபேரியக் கடற்கரைக்கு அழைத்துச் செல்கிறது. இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் கிடைக்காத சீடர்கள், விடியும் நேரத்தில் ஆண்டவரின் சொல்லைக் கேட்டு வலை நிறைய மீன்களோடு கரையேறுகிறார்கள். கரையில் கரியினால் தீ மூட்டப்பட்டிருக்கிறது. அதன்மேல் மீன் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. ஆண்டவரே காலை உணவைத் தயார் செய்து வைத்திருக்கிறார்.

இந்தக் கரி நெருப்பை யோவான் சும்மா குறிப்பிடவில்லை. கிரேக்க மூலத்தில் இதற்கு 'அந்த்ராக்கியா' என்ற சொல் வருகிறது. புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்தச் சொல் இரண்டே இடங்களில்தான் இருக்கிறது. ஒன்று இங்கே. மற்றொன்று இதே நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில், தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில். அன்று இரவு குளிராக இருந்ததால் பணியாளரும் காவலரும் கரியினால் தீ மூட்டிக் குளிர்காய்ந்தார்கள். பேதுருவும் அவர்களோடு நின்றார். அங்கேதான், தன் ஆண்டவரைத் தனக்குத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை மறுத்தார்.

பேதுருவின் வீழ்ச்சி யாருக்கும் தெரியாமல் நடந்ததல்ல. வேலைக்காரப் பெண்ணுக்குத் தெரியும், காவலருக்குத் தெரியும். நான்கு நற்செய்திகளிலும் அது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இன்று வரை ஒவ்வோர் ஆண்டும் புனித வெள்ளியன்று அதை நாம் பீடத்திலிருந்து வாசிக்கிறோம். திருச்சபையின் முதல் தலைவரின் அவமானத்தைத் திருச்சபையே மறைக்கவில்லை.

அப்படிப்பட்ட மனிதரை உயிர்த்த ஆண்டவர் எப்படிச் சந்திக்கிறார் என்று பாருங்கள். நடந்ததே நடக்காதது போல அவர் பேசிவிட்டுப் போகவில்லை. மற்ற சீடர்களின் முன்னால் பேதுருவின் குற்றப் பட்டியலை வாசிக்கவும் இல்லை. அதே மாதிரி ஒரு கரி நெருப்பை மூட்டுகிறார். முதலில் சாப்பிடக் கொடுக்கிறார். பிறகு, மறுத்தது எத்தனை முறையோ அத்தனை முறை, தன்மேல் அன்பு உண்டா என்று கேட்கிறார். ஒவ்வொரு முறையும் தன் ஆடுகளைப் பேணி வளர்க்கும் பொறுப்பை அவர் கையில் கொடுக்கிறார். லூக்கா நற்செய்தியில் இன்னும் ஒருபடி மேலே போகிறார். பேதுரு விழுவதற்கு முன்பே, நீ மனம் திரும்பியபின் உன் சகோதரர்களை உறுதிப்படுத்து என்ற பொருளில் அவருக்குச் சொல்லி வைக்கிறார். விழுந்தவர் எழுவது தனக்காக மட்டும் அல்ல, பிறரைத் தாங்குவதற்காகவும்தான்.

இன்று இந்த ஒரு சிந்தனையைத்தான் உங்களோடு பகிர விரும்புகிறேன். ஊரறியப் பெயர் கெட்டுப்போன ஒருவர் மீண்டும் எழ முடியுமா? எழுந்து என்ன செய்வார்? அவர் எழுவதற்கு நாம் கை கொடுக்கிறோமா, கல் எறிகிறோமா?

முதலில் நம் மண்ணுக்கு அருகில் உள்ள ஒருவரைச் சொல்கிறேன். பேதுரு தவறினார், இவர் தவறவில்லை. ஆனாலும் பெயர் கெட்டது. நாகர்கோவிலில் 1941-இல் பிறந்து, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்த விஞ்ஞானி நம்பி நாராயணன் அவர்களைத்தான் சொல்கிறேன். தும்பாவில் விண்வெளிப் பணியில் சேர்ந்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராக்கெட் உந்துவிசை படித்துத் திரும்பியவர். திரவ எரிபொருளால் இயங்கும் விகாஸ் என்ஜினை நம் நாடு பெறுவதற்கு உழைத்தவர்களில் முன்னணியில் நின்றவர். இன்றைக்கும் நம்முடைய பெரிய ராக்கெட்டுகள் அந்த என்ஜினின் பலத்தில்தான் ஏறுகின்றன.

1994 நவம்பர் 30 அன்று திருவனந்தபுரத்தில் அவர் கைது செய்யப்பட்டார். ராக்கெட் ரகசியங்களை வெளிநாட்டுக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. மாலத்தீவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் உட்பட ஆறு பேர் அந்த வழக்கில் சிக்கினார்கள். திருடி விற்றதாகச் சொல்லப்பட்ட கிரையோஜெனிக் தொழில்நுட்பம் அன்றைக்கு நம் நாட்டின் கையிலேயே இல்லை. ஆனால் அதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. பத்திரிகைகள் நாள்தோறும் கதை கதையாக எழுதின. மக்கள் தேநீர்க் கடையில் வைத்து அதை வாசித்தார்கள், சிரித்தார்கள், காறித் துப்பினார்கள். அவர் 50 நாட்கள் காவலில் இருந்தார். விசாரணையில் தன்னை அடித்துத் துன்புறுத்தியதாக அவரே பின்னாளில் எழுதினார். அவருடைய மனைவி கடுமையான மன அழுத்தத்தில் விழுந்தார். குடும்பம் முழுவதும் 'ஒற்றன் வீடு' என்ற பழியைச் சுமந்தது.

1996-இல் சிபிஐ இந்த வழக்கு பொய் என்று அறிக்கை கொடுத்தது; நீதிமன்றம் அதை ஏற்றது. 1998-இல் உச்ச நீதிமன்றமும் மறு விசாரணைக்கான முயற்சியை ரத்து செய்தது. அத்தோடு முடிந்தது என்று அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவர் உட்காரவில்லை. ஓர் அப்பாவியை இப்படிச் செய்தவர்கள் பதில் சொல்ல வேண்டாமா, நாளைக்கு இன்னொருவருக்கு இது நடக்காமல் இருக்க வேண்டாமா என்று வழக்கைத் தொடர்ந்தார். 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பொய் வழக்கு எப்படி உருவானது என்று ஆராய ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழுவும் அமைத்தது. 2019-இல் அவருக்குப் பத்ம பூஷண் விருது கிடைத்தது.

கேட்பதற்கு நல்ல முடிவாக இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1994 முதல் 2018 வரை 24 ஆண்டுகள். அதே வழக்கில் சிக்கிய மற்றொருவர், ரஷ்ய விண்வெளி நிறுவனம் ஒன்றின் இந்தியப் பிரதிநிதியாக இருந்தவர், தீர்ப்பு வந்த அன்று நினைவிழந்து பெங்களூரு மருத்துவமனையில் கிடந்தார். இரண்டு நாட்களில் இறந்தார். தான் குற்றமற்றவர் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர் காதால் கேட்கவே இல்லை. ஒருவர் பெயரைக் கெடுக்க ஒரு வாரம் போதும். அதைத் திருப்பிக் கொடுக்க ஓர் ஆயுள் போதாது.

சகோதர சகோதரிகளே, இதைக் கேட்டதும் நீங்கள் சொல்லலாம்: "சாமி, அவர் தப்பே செய்யாதவர். தப்பு செய்தவரை ஊர் பேசத்தானே செய்யும்?" நியாயமான கேள்வி. அதற்காகத்தான் இரண்டாவதாக ஒருவரைச் சொல்கிறேன். அவர் பெயரை உலகம் முழுவதும் அறியும்: மோனிகா லூவின்ஸ்கி.

வெள்ளை மாளிகையில் பயிற்சிப் பணியாளராக இருந்தபோது அவருக்கு வயது 22. அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளிண்டன் அவரைவிட 27 வயது மூத்தவர், திருமணமானவர், அந்த அலுவலகத்தின் தலைவர். இருவருக்கும் இடையே இருந்த தகாத உறவு 1998 ஜனவரியில் வெளியே வந்தது. அது முதலில் கசிந்தது இணையத்தில்தான். இணையம் அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம். 24 வயதுப் பெண் ஒருத்தியின் பெயர் ஒரே இரவில் உலகத்தின் கேலிப் பொருளானது. தோழி என்று நம்பியவர் ரகசியமாகப் பதிவு செய்த தொலைபேசி உரையாடல்கள்கூட எல்லோரும் கேட்கும்படி வெளியாயின. தொலைக்காட்சிகள் இரவு தோறும் அவரை வைத்துச் சிரிப்புக் காட்டின. அந்தச் சிரிப்பு நம் ஊர் மேடைகள் வரைக்கும் வந்தது.

அவர் தவறு செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அவரும் அப்படிச் சொல்லவில்லை. அந்தத் தவறுக்காகத் தான் ஆழமாக வருந்துவதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதிபர் தன் பதவிக்காலத்தை 2001 வரை முழுமையாக முடித்தார். அந்தப் பெண்ணோ லண்டனுக்குப் போய்ச் சமூக உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்ற பிறகும், பெயரைப் பார்த்ததுமே வேலை கொடுக்கத் தயங்கினார்கள். யோவான் நற்செய்தி 8-ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறதா? விபசாரத்தில் பிடிபட்டதாக ஒரு பெண்ணை இழுத்து வந்து நடுவில் நிறுத்தினார்கள். அவளோடு இருந்த ஆண் எங்கே? அவனை யாரும் கொண்டுவரவில்லை. கல் எப்போதும் எளியவரைத் தேடித்தான் போகிறது.

அவர் உயிரோடு எப்படித் தப்பினார்? 2015-இல் அவர் நிகழ்த்திய ஒரு புகழ்பெற்ற உரையில் அதைச் சொன்னார். 1998-இல் அவருடைய தாய் ஒவ்வோர் இரவும் மகளின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாராம். குளிக்கப் போனால்கூடக் கதவைத் திறந்து வைக்கச் சொல்வாராம். மகள் தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்வாளோ என்ற பயம். உலகமே எதிரே நின்றபோது, பக்கத்தில் ஒரு தாய் இருந்தார். அதனால்தான் மகள் பிழைத்தாள்.

2010-இல் இன்னொரு சம்பவம் நடந்தது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படித்த டைலர் கிளமென்டி என்ற 18 வயது மாணவர். அவருடைய அந்தரங்கத்தை அறைத்தோழன் கணினிக் கேமரா வழியாக ஒளிந்து பார்த்து, அதை இணையத்தில் கேலியாகப் பரப்பினான். சில நாட்களில் அந்த மாணவர் பாலத்திலிருந்து குதித்து இறந்தார். இந்தச் செய்தி லூவின்ஸ்கியின் தாயைத் தாங்க முடியாத அளவுக்கு உலுக்கியது. தன் வீட்டில் நடக்காமல் போனது இன்னொரு வீட்டில் நடந்துவிட்டதே என்பதுதான் அவர் வேதனை. அந்த வேதனையைப் பார்த்த மகள், பல ஆண்டுகள் காத்த மௌனத்தை 2014-இல் கலைத்தார். அன்று முதல் இணையத்தில் கேலிக்கும் மிரட்டலுக்கும் ஆளாகும் இளையோருக்காகப் பேசிவருகிறார். தன் பெயரை மாற்றிக்கொள்ளவும் இல்லை. எந்தப் பெயரைச் சொல்லி உலகம் சிரித்ததோ, அதே பெயரோடு மேடையேறி, அவமானத்தைத் தாங்கி உயிர் வாழ முடியும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்.

இவர் எந்த மதத்தைச் சேர்ந்தவர், என்ன அரசியல் பேசுகிறார் என்பது நமக்குத் தேவையில்லை. பேதுருவுக்கு ஆண்டவர் காட்டிய வழி இதுதான்: அவமானப்பட்ட அதே நெருப்பின் அருகிலிருந்து, பிறரைக் காக்கும் பணிக்கு.

நம் நாட்டிலும் இந்த வழியில் நடந்தவர்கள் உண்டு. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டபோது தமிழகமே அதிர்ந்தது. அடுத்த ஆண்டே ராகிங்கைத் தடுக்கத் தனிச் சட்டம் நம் மாநிலத்தில் வந்தது. 2009-இல் இமாசலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் ராகிங்கில் இறந்தார். அவருடைய தந்தை ராஜேந்திர கச்ரூ அழுதுகொண்டே வீட்டில் முடங்கிவிடவில்லை. நாடு முழுவதும் மாணவர்கள் புகார் சொல்ல ஓர் உதவி எண் இயங்குவதற்குப் பாடுபட்டார். தன் மகனைத் திரும்பப் பெற முடியாது என்று அவருக்குத் தெரியும். மற்றவர்களின் மகன்களுக்காக உழைத்தார்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

சில காலத்துக்கு முன் ஒரு தாய் என்னைப் பார்க்க வந்தார். ஊரும் பெயரும் வேண்டாம். அவருடைய மகள் மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். பழகிய பையன் ஒருவன், அவள் முகத்தை எடுத்து வேறு உடலோடு ஒட்டி, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போய், இரண்டே நாளில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தத் தாய் அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். "சாமி, செஞ்சவன் ஊருக்குள்ள சைக்கிள்ல சுத்துறான். எம்பிள்ள வீட்டுக்குள்ள இருட்டுல கெடக்கா. கோயிலுக்கு வாடீன்னா, எல்லாரும் என்னையப் பாப்பாங்கம்மாங்கிறா" என்றார்.

அந்தப் பிள்ளை பயந்தது அந்தப் பையனுக்கு மட்டும் அல்ல. நமக்குத்தான் பயந்தாள். திருப்பலிக்கு வரும் நமக்கு. அவளைக் கோயிலுக்கு வரவிடாமல் செய்தது நம் கண்கள்.

புகார் கொடுக்கத் துணையாக ஓர் அருள்சகோதரியை அனுப்பினோம். சட்டம் தன் வேலையைச் செய்தது. ஆனால் அதற்குப் பிறகு இன்னொரு வேலை இருந்தது, அதைச் சட்டம் செய்ய முடியாது. அந்த அன்பியத்தில் இருந்த நான்கு பெண்கள், யாரும் சொல்லாமலே, ஒரு ஞாயிறு காலை அவள் வீட்டுக்குப் போனார்கள். "வாம்மா, சேர்ந்து போவோம்" என்றார்கள். நடுவில் அவளை விட்டு, இருபுறமும் நடந்து கோயிலுக்கு வந்தார்கள். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். பிறகு வந்த ஞாயிறுகளில் அவள் தானாகவே வந்தாள். அந்த நான்கு பேரும் மூட்டியது இரண்டாவது கரி நெருப்பு.

ஆலங்குளம், வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கம் வாழும் நமக்குத் தீயைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு பொறி எப்படி ஓர் அறையையே தூக்கிவிடும் என்று இந்த மண்ணில் எத்தனையோ குடும்பங்கள் கண்டிருக்கின்றன. வெடி மருந்து அறைக்குள் போகும்போது செல்போனையும் தீப்பெட்டியையும் வெளியே வைத்துவிட்டுப் போகிறோம். புனித யாக்கோபு தன் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில், பெரிய காட்டைக் கொளுத்தும் சிறு நெருப்புக்கு நாவை ஒப்பிடுகிறார். அந்தக் காலத்தில் நாக்கு ஒன்றுதான் இருந்தது. இன்று விரலும் இருக்கிறது. ஒரு தட்டு தட்டினால் முந்நூறு பேருக்குப் போகிறது. வெடி ஆலைக்குள் அவ்வளவு எச்சரிக்கையாக இருக்கும் நாம், கையில் இருக்கும் அந்தப் பொறியை ஏன் இவ்வளவு அலட்சியமாக வீசுகிறோம்?

"சாமி, நான் பொய் சொல்லலையே, நடந்ததைத்தானே சொன்னேன்" என்று பலர் சொல்வதுண்டு. இங்கே திருச்சபையின் போதனையைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2477-ஆம் எண்ணில், பிறர் நற்பெயருக்கு எதிராக மூன்று குற்றங்களைச் சொல்கிறது. போதிய ஆதாரமின்றி ஒருவர்மேல் குற்றம் உண்டு என்று மனத்தில் முடிவு கட்டுவது ஒன்று. பொய் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுப்பது ஒன்று. இதை அவதூறு என்கிறோம். மூன்றாவதுதான் நாம் மறந்துபோனது. ஒருவரிடம் உண்மையாகவே இருக்கும் குறையை, தக்க காரணம் எதுவுமின்றி, அது தெரியாதவர்களிடம் போய்ச் சொல்வது. இதுவும் பாவம்தான். உண்மை என்பதாலேயே அதைப் பரப்பும் உரிமை நமக்கு வந்துவிடாது. நூல் இத்தோடு நிற்கவில்லை. பெயரைக் கெடுத்தவர் அதைச் சரிசெய்யவும் கடமைப்பட்டவர் என்று 2487-ஆம் எண் சொல்கிறது. ஒப்புரவு அருளடையாளத்தில் மன்னிப்புப் பெற்ற பின்னும் அந்தக் கடமை நம்மை விட்டுப் போவதில்லை. எந்தக் குழுவில் தவறாகப் போட்டோமோ, அதே குழுவில் திருத்திச் சொல்லும் துணிவு வேண்டும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் புறணி பேசுவதைக் குண்டு வீசுவதற்கு ஒப்பிட்டுப் பலமுறை எச்சரித்ததும் இதனால்தான்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. மறையுரையைத் தவறாகப் புரிந்துகொண்டு குற்றங்களை மூடி மறைக்கக் கூடாது. ஒரு குழந்தைக்குத் தீங்கு நடந்தால், ஒரு பெண் அடிபட்டால், ஒருவர் ஏமாற்றப்பட்டால், அதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லியே ஆக வேண்டும். செய்தவர் யாராக இருந்தாலும் சரி, ஆசிரியரோ, உறவினரோ, குருவோ, விதிவிலக்கு கிடையாது. காவல்துறையிடம் சொல்லுங்கள், குழந்தைகளுக்கான 1098 எண்ணில் சொல்லுங்கள். அது புறங்கூறல் அல்ல, அது கடமை. சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு, சொல்லக் கூடாத இடத்தில் வாயைத் திறப்பதுதான் நம்முடைய நோய்.

சரி, நாம் என்ன செய்யலாம்? மூன்றே மூன்று காரியங்கள்.

முதலாவது, கல்லைக் கீழே போடுங்கள். ஒருவரை அவமானப்படுத்தும் படமோ, குரல் பதிவோ, செய்தியோ வந்தால் உங்களோடு அது நிற்கட்டும். அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். ஒருவரின் அந்தரங்கப் படத்தை அனுமதியின்றிப் பரப்புவது சட்டப்படியும் குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். நான் எடுக்கவில்லை, அனுப்பத்தான் செய்தேன் என்பது தப்பிக்கும் வழி அல்ல. எருசலேம் கோவிலில் அன்று கூட்டம் கலைந்தது பெரியவர்கள் முதலில் நகர்ந்ததால்தான் என்று யோவான் குறிப்பிடுகிறார். வீட்டில் பெரியவர்கள் முதலில் கல்லைப் போட்டால் பிள்ளைகளும் போடுவார்கள்.

இரண்டாவது, பக்கத்தில் போய் உட்காருங்கள். இராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் ஓடும் சத்தத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அங்கே நெய்யும் பேண்டேஜ் துணி எங்கெங்கோ உள்ள மருத்துவமனைகளுக்குப் போகிறது. யாருடைய காயம், எப்படி வந்த காயம், தவறு யார்மேல் என்று அந்தத் துணி கேட்பதில்லை. முதலில் இரத்தத்தை நிறுத்துகிறது. அவமானப்பட்டவருக்கு முதல் தேவை அறிவுரை அல்ல, துணை. அவர் வீட்டுக்குப் போங்கள். ஒரு வாய் காப்பி குடியுங்கள். சிறையிலிருந்து திரும்பியவர், கடனில் பெயர் கெட்டவர், குடும்பம் பிரிந்தவர், படம் வெளியாகித் தலைகுனிந்த பிள்ளை, இவர்களில் ஒருவராவது உங்கள் தெருவில் இருக்கிறார். ஆண்டவர் பேதுருவிடம் கேள்வி கேட்பதற்கு முன்பு சாப்பாடு போட்டார் என்பதை மறக்காதீர்கள்.

மூன்றாவது, அவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். நம் பங்குகளில் இதுதான் குறைவு. மன்னித்துவிட்டோம் என்போம், ஆனால் வாசகம் வாசிக்கக் கூப்பிட மாட்டோம், திருவிழாக் குழுவில் சேர்க்க மாட்டோம். வாழ்நாள் முழுவதும் கடைசி வரிசையில் நிற்கும்படி வைத்திருப்போம். பிள்ளைகளைக் கெடுத்தவர்களைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கச் சொல்லவில்லை. அங்கே எச்சரிக்கைதான் அன்பு. ஆனால் குடியால் பெயர் கெட்டுத் திருந்தியவரைவிட, குடிப்பவரிடம் பேசத் தகுந்தவர் யார்? கேலியில் நொந்துபோன பிள்ளையைவிட, வகுப்பில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அடையாளம் காணக் கூடியவர் யார்?

இறுதியாக, இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில், கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கேட்கும் ஒருவர் இருக்கலாம். உங்களிடம் ஒரு சொல். நீங்கள் தவறு செய்திருக்கலாம், செய்யாமலும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் ஊர் வைத்த பெயர் உங்கள் பெயர் அல்ல. ஆண்டவர் அந்தக் கடற்கரையில் பேதுருவை 'மறுதலித்தவனே' என்று கூப்பிடவில்லை. யோவானின் மகன் சீமோனே என்று, பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அந்த எண்ணத்தோடு தனியாக இருக்காதீர்கள். வீட்டில் நம்புகிற ஒருவரை எழுப்புங்கள். 14416 என்ற எண்ணுக்கோ 104-க்கோ பேசுங்கள். உங்கள் பங்குத்தந்தையின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், எந்த நேரமானாலும் பரவாயில்லை. ஊர்ப் பேச்சு ஒரு நாள் ஓயும். உங்களைப் போல அடிபட்ட ஒரு பிள்ளை நாளைக்கு உங்களைத் தேடி வரும். அன்று அதன் பக்கத்தில் உட்கார நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

செபிப்போம்: உயிர்த்த ஆண்டவரே, விழுந்தவரைப் பெயர் சொல்லி அழைத்தவரே, எங்கள் நாவையும் விரலையும் காத்தருளும். எங்கள் கையில் உள்ள கல்லை விழச் செய்யும். அவமானத்தால் முடங்கிக் கிடக்கும் எம் சகோதர சகோதரிகளை நீர் எழுப்பும். எழுந்தவர்கள் மற்றவர்களைத் தாங்க வலிமை தாரும். எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.